வேஷத்தின் பெயரை வெட்டாதீர்கள்: துண்டு வீடியோ அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

வெட்டி ஒட்டி வீடியோ போடும் பக்கங்களின் அட்மின்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு வீடியோ போட்டார். முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லை. கோட்டு போட்ட ஓர் ஆங்கிலேயப் பெண், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், எகிப்து வரலாறு படித்த பேராசிரியை ஒருவரைப் பார்த்து, பிரமிடுகளை ஏன் அந்த வடிவத்தில் கட்டினார்கள், வீடில்லாதவர்கள் அதன்மேல் படுத்துத் தூங்கிவிடக் கூடாது என்றா என்று கேட்கிறார். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் உங்களில் ஒருவருடைய கைவண்ணம்: "வெள்ளைக்காரன் டிவி லட்சணம் பாருங்க!" பக்கத்தில் இரண்டு சிரிப்புப் பொம்மை, ஒரு கோபப் பொம்மை.

எங்கள் பெரியப்பா 34 வருடம் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இது தாங்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கேட்டால்கூட முட்டி போட வைத்திருப்பேன், இவர்களா நமக்கு நாகரிகம் சொல்லிக் கொடுக்க வந்தார்கள் என்று பத்தி பத்தியாக எழுதினார். அத்தை ஆமாம் போட்டார். மாமா, காலனி ஆட்சியில் தொடங்கிப் பெட்ரோல் விலை வரைக்கும் போய்வந்தார். ஒரு மணி நேரம் கழித்து, கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் ஒரே வரி எழுதினாள்: "பெரிய தாத்தா, இது காமெடி. அவங்க நடிகை."

அப்புறம் பெரியப்பா இரண்டு நாள் குழுவில் வாயே திறக்கவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு வரும் அவருடைய திருக்குறளும் வரவில்லை. அந்த இரண்டு நாள் மௌனத்துக்காகத்தான் இந்த மடல்.

முதலில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெரிய யோக்கியன் மாதிரி ஆகிவிடும். அந்த நிகழ்ச்சியை நான் முதலில் பார்த்தபோது நானும் ஏமாந்தேன். நெட்ஃப்ளிக்ஸில் ஏதோ வரலாற்று ஆவணப்படம் என்று போட்டுவிட்டு, அந்தப் பெண் பாலைவனத்தில் நடப்பதையும் மலை உச்சியில் நின்று தொலைதூரத்தை வெறிப்பதையும் பார்த்து, பரவாயில்லை, செலவு செய்துதான் எடுத்திருக்கிறார்கள் என்றுகூட மனைவியிடம் சொன்னேன். பிறகு அவர் பேசப் பேச எரிச்சல் ஏறியது. திடீரென்று, சம்பந்தமே இல்லாமல், 1989இல் வந்த ஒரு பெல்ஜிய டெக்னோ டான்ஸ் பாட்டு பின்னணியில் ஓட ஆரம்பித்ததும்தான் மண்டையில் ஏறியது. எனக்கு அந்தப் பாட்டு இருந்தது. பெரியப்பாவுக்கு நீங்கள் கொடுத்த முக்கால் நிமிடத்தில் எந்தப் பாட்டும் இல்லை.

சரி, அந்தப் பெண் யார்? பெயர் பிலோமினா கங்க். அப்படி ஒருவர் கிடையாது. டயான் மோர்கன் என்ற நடிகை, இங்கிலாந்தின் வடக்கே போல்ட்டன் ஊர்க்காரர், போட்டுக்கொள்ளும் வேஷம் அது. 2013இல் சார்லி புரூக்கர் பிபிசியில் நடத்திய வாராந்தரப் பகடி நிகழ்ச்சியில் சின்னத் துண்டாகத் தொடங்கியது. 2018இல் பிரிட்டன் வரலாறு, 2022இல் உலக வரலாறு என்று தொடர்களாக வளர்ந்தது. உலக வரலாற்றுத் தொடர் 2023 தொடக்கத்தில் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்த பிறகுதான் நம் ஊர் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் அசலானவர்கள். இது நகைச்சுவை நிகழ்ச்சி என்று அவர்களுக்குத் தெரியும். என்ன கேள்வி வரும் என்பதுதான் தெரியாது. எது கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு காட்சியில் அணுகுண்டுகள் இன்னமும் இருக்கின்றன என்று பேராசிரியர் சொன்னதும் கங்க் மனம் உடைந்துபோய், வேறு ஏதாவது சந்தோஷமாகப் பேசலாமா, ஆபா இசைக்குழுவைப் பற்றிப் பேசலாமா என்று கெஞ்ச, அந்த மனிதரும் அதற்கு இசைந்து பேசுவார். அந்த இடத்தில் முட்டாள் கேள்வி கேட்டவர்தான் அந்த அறையிலேயே ஒழுங்காகப் பயந்தவர் என்று எனக்குத் தோன்றியது.

இந்த வேஷம் யாரைக் கிண்டல் செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? படிக்காத பெண்ணை இல்லை. தொலைக்காட்சியில் தோரணையோடு வந்து, கடற்கரைப் பாறைமேல் நின்று, ஒரு வாக்கியத்துக்கு மூன்று இடைவெளி விட்டு, உலகத்தையே அளந்து வைத்ததுபோலப் பேசும் தொகுப்பாளர்களை. அந்தத் தோரணை அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு மட்டும் இருக்காது. தோரணை இருந்தால் நாம் எதையும் நம்பிவிடுவோம் என்பதுதான் கிண்டல். அதை நீங்கள் வெட்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது? ஒரு மக்குப் பெண். உங்கள் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். பொம்பளையை மைக் பிடிக்க விட்டால் இப்படித்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு 400 பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். ஆக, கிண்டலின் இலக்கே மாறிவிட்டது.

தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் நேராக வந்து நின்றுவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், திரைக்குப் பின்னால் கிரீடம் மட்டும் ஆடும், கட்டியக்காரன் அந்தத் திரையைப் பார்த்து, ஐயா நீங்கள் யார், எந்த ஊர், என்ன காரியமாக இந்தச் சபைக்கு வந்தீர்கள் என்று கேட்பான். பதில் வந்த பிறகுதான் திரை விலகும். ஊரே துரியோதனனைத் தெரிந்துவைத்திருந்தாலும் அந்தக் கேள்வி கேட்கப்படும். பிறகு விடிய விடிய அந்த ஆளைத் துரியோதனனாகவே பார்ப்பார்கள், திட்டுவார்கள், அழுவார்கள். நீங்கள் வெட்டுவது கட்டியக்காரனின் கேள்வியை.

வேஷத்தை அசல் ஆள் என்று நம்புவது புதிதல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். நம்பியார் வருடம் தவறாமல் சபரிமலைக்குப் போன குருசாமி என்று யார் சொல்லியும் எங்கள் பாட்டி கடைசிவரை நம்பவில்லை. ஆனால் இந்த விளையாட்டைப் பல வருடம் விளையாடிய ஊர் ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலியா. அங்கே நடந்ததைப் பார்த்தால், யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது என்று புரியும்.

1955 டிசம்பரில், மெல்பர்னில் பாரி ஹம்ப்ரீஸ் என்ற 21 வயது இளைஞர் ஒரு மேடைத் துணுக்கில் பெண் வேஷம் போட்டார். மறுவருடம் அங்கே ஒலிம்பிக் நடக்கவிருந்தது. வெளிநாட்டு விருந்தாளிகளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்க முன்வரும் மூனி பாண்ட்ஸ் புறநகர்க் குடும்பத்தலைவி, திருமதி எவரேஜ். அவ்வளவு சின்ன வேஷம். அது வளர்ந்து ஊதா நிறத் தலைமுடி, இறக்கை வைத்த மூக்குக்கண்ணாடி, கையில் கிளாடியோலஸ் பூங்கொத்து, ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அன்பாகவே அவமானப்படுத்தும் வாய் என்று டேம் எட்னா எவரேஜ் ஆனது. ஆண்களுக்கு 'சர்' போலப் பெண்களுக்குத் தரும் இந்த டேம் பட்டம் எப்படி வந்தது தெரியுமா? 1974இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தின் கடைசியில், அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் கஃப் விட்லம், நடிகர் யாரும் இல்லை, அசல் பிரதமரே, பிரதமராகவே தோன்றி அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். இல்லாத பெண்ணுக்கு இருக்கிற பிரதமர் கொடுத்த பட்டம். அதை எட்னா கடைசிவரை விடவில்லை. 1989இல் சுயசரிதை எழுதினார், எட்னாதான் எழுதினார், ஹம்ப்ரீஸ் இல்லை. ஹம்ப்ரீஸ் பேச்சை எடுத்தால், அவன் என் மேனேஜர், என் சம்பாத்தியத்தைத் தின்கிறான் என்று குறைப்படுவார். 2000இல் நியூயார்க்கில் நாடகத்துக்கான சிறப்பு டோனி விருது. 2007இல் மெல்பர்ன் நகர மையத்தில் ஒரு சந்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். 2023 ஏப்ரலில் ஹம்ப்ரீஸ் 89 வயதில் சிட்னியில் இறந்தபோது, ஒரு மனிதருக்கும் அவர் போட்ட வேஷத்துக்கும் சேர்த்தே பலர் துக்கம் கொண்டாடினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அரங்கத்தில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் உள்ளே இருப்பது ஓர் ஆண் என்று தெரியும். தெரிந்தும் முன்வரிசைக்காரர்கள் அந்த அம்மாளிடம் திட்டு வாங்கிக்கொண்டு வெட்கப்பட்டார்கள். தெரிந்தால் சிரிப்பு போய்விடும் என்று நீங்கள் சொல்லக்கூடிய சாக்கு அங்கே செல்லாது.

விட்லம் கதை அத்தோடு முடியவில்லை. அந்தப் படம் வெளிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1975 நவம்பர் 11ஆம் தேதி கவர்னர் ஜெனரல் அவரைப் பதவியிலிருந்தே நீக்கிவிட்டார். ஆஸ்திரேலிய அரசியலின் மிகப் பெரிய கலவர நாள். நாடாளுமன்றப் படிக்கட்டில் கூட்டம் கொதிக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்கிறார். பக்கவாட்டு முடியை இழுத்து வழுக்கைமேல் ஒட்டிய தலை, சவரம் செய்தபோது கீறிய இடங்களில் துண்டு துண்டாக ஒட்டிய காகிதம். நார்மன் கன்ஸ்டன். அவரும் இல்லாத ஆள்! கேரி மெக்டொனால்ட் என்ற நடிகரின் வேஷம். ஊர் உலகத்திலேயே திறமையில்லாத தொலைக்காட்சிப் பேட்டியாளர் என்பதுதான் பாத்திரம். இல்லாத ஒருவருக்குப் பட்டம் கொடுத்த பிரதமர், பதவி இழந்த அன்று இல்லாத இன்னொருவர் படிக்கட்டில் காத்திருக்கிறார். கதையில் எழுதினால் ஓவர் என்பார்கள்.

கன்ஸ்டன் பேட்டி எடுத்தவர்களில் முகமது அலி உண்டு, பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னி உண்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த நட்சத்திரங்கள் பலருக்கு இது நாடகம் என்று தெரியாது, யாரோ பாவப்பட்ட நிருபர் என்று நினைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்த ஆஸ்திரேலியர்களுக்கு மட்டும் தெரியும். 1976இல் அந்த நாட்டின் மிகப் பிரபலமான தொலைக்காட்சி முகத்துக்குக் கொடுக்கும் தங்க லோகி விருதை கன்ஸ்டனுக்கே கொடுத்தார்கள். கற்பனைப் பாத்திரம் ஒன்று அதை வாங்கியது அந்த ஒரு தடவைதான். அங்கே ஏமாந்தவர்கள் பணமும் புகழும் படைத்தவர்கள். ஏமாந்ததில் அவர்களுக்குப் போனது ஐந்து நிமிடம்.

எட்னா ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கன்ஸ்டன் ஆட்டத்தில் பேட்டி கொடுப்பவருக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும். கங்க் ஆட்டத்தில் பேராசிரியருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உங்கள் ஆட்டத்தில்தான் பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. கன்ஸ்டன் மிக் ஜாகரை உட்காரவைத்த நாற்காலியில் நீங்கள் என் பெரியப்பாவை உட்காரவைத்தீர்கள், அவருடைய பேரப்பிள்ளைகள் முன்னால்.

இது வேஷம் என்று காட்டும் சட்டகத்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எட்னாவிடமே ஒரு பாடம் இருக்கிறது. 2003 பிப்ரவரி இதழில், அமெரிக்காவின் வேனிட்டி ஃபேர் பத்திரிகை எட்னா பெயரில் ஒரு கேள்வி பதில் பகுதி வெளியிட்டது. ஸ்பானிஷ் மொழி கற்றுக்கொள்ளலாமா என்று கேள்வி. விட்டுத் தள்ளுங்கள், டான் கிஹோத்தே நாவல் தவிர அதில் படிக்க என்ன இருக்கிறது, அதைப் பேசுகிறவர்களில் நீங்கள் பேசியே ஆக வேண்டியவர் யார், வீட்டு வேலைக்காரர்களா என்கிற ரீதியில் எட்னாவின் பதில். மேடையில் இதே வரியை அந்தத் தலைமுடியோடும் கண்ணாடியோடும் சொல்லியிருந்தால், அலட்டிக்கொள்ளும் பணக்காரக் கிழவியைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அச்சில் குரல் இல்லை, முடி இல்லை, பூ இல்லை. வெறும் வரி மட்டும். வேலைக்காரர்கள் என்று குறிப்பிடப்பட்ட மக்கள் அதைப் படித்தார்கள். அதே இதழின் அட்டையில் இருந்தவர் மெக்சிகோவில் பிறந்த நடிகை சல்மா ஹயெக், அவரே கொதித்துப்போனார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன, பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. அவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எட்னாவைத் தெரியாத கோடிக்கணக்கான பேர் இருக்கும் நாட்டில் கட்டியக்காரன் இல்லாமல் கூத்து நடத்தினால் அடி விழத்தான் செய்யும். தெரிந்தவர்களுக்கும் அந்த வரி வலித்திருக்கலாம், அது வேறு விவாதம்.

இன்னொன்று இதைவிட மோசம். சாஷா பேரன் கோஹன் என்ற ஆங்கிலேய நடிகர் போராட் என்ற கஜகஸ்தான் நிருபராக வேஷம் போட்ட படத்தில், கஜகஸ்தான் கிராமம் என்று காட்டப்பட்டது உண்மையில் ருமேனியாவின் குளோட் என்ற ஏழைக் கிராமம். ஆவணப்படம் என்று நினைத்துத்தான் கேமரா முன் நின்றோம் என்றார்கள் ஊர்க்காரர்கள். 2006இல் படம் வந்த பிறகு நியூயார்க்கில் 3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள், வழக்கு நிற்கவில்லை. கஜகஸ்தானாவது ஒரு நாடு, முதலில் கோபப்பட்டாலும் 2020இல் போராட் சொல்லும் வாசகத்தையே சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. குளோட் எதை விளம்பரம் செய்யும்? சாஷா பேரன் கோஹன் பெரிய கலைஞர்தான், அலி ஜி என்ற இன்னொரு வேஷத்தில் அவர் டொனால்ட் டிரம்பை உட்காரவைத்துப் பேட்டி எடுத்ததை நான் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன், ஆனால் குளோட் காட்சி வரும்போது எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள், உன் பெரியப்பா மாதிரி வயதானவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று சொல்ல வருகிறீர்களா? ஸ்டீபன் கோல்பேர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2005 முதல் 2014 வரை, அடித்துப் பேசும் வலதுசாரித் தொகுப்பாளர் வேஷம் போட்டார். தன் சொந்தப் பெயரிலேயே போட்டார், அதுதான் வம்பு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 332 பேரிடம் அந்த நிகழ்ச்சியைக் காட்டிக் கேட்டு 2009இல் முடிவை வெளியிட்டார்கள். தாராளவாதிகளுக்கும் பழமைவாதிகளுக்கும் அவர் வேடிக்கையானவர் என்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் பழமைவாதிகளில் அதிகம் பேர், அவர் வேடிக்கை செய்வதுபோல் நடித்துக்கொண்டே மனதில் இருப்பதைத்தான் சொல்கிறார் என்று நம்பினார்கள். ஒரே வேஷம், ஆளுக்கு ஆள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். முழு நிகழ்ச்சியிலேயே இந்தக் கதி என்றால் முக்கால் நிமிடத்துக்கு என்ன கதி? என் பெரியப்பா ஏமாந்ததற்குக் காரணம் வயது இல்லை. வெள்ளைக்காரர்கள் மக்குகள் என்று கேள்விப்பட அவருக்கு உள்ளூர ஆசை இருந்தது. நீங்கள் அந்த ஆசைக்குத் தீனி போட்டீர்கள். (அந்த ஆசை எனக்கும் கொஞ்சம் உண்டு, பத்து நிமிடம் ஏமாந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் நம்பவில்லை. வெட்டிய இடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பெயர் திரையில் வரும் விநாடிக்குச் சரியாக முன்னால் கத்தரி விழுந்திருக்கிறது. சிரித்தால் ஒரு பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கோபம் வந்தால் நின்று நாலு வரி எழுதுவார்கள், பத்துப் பேருக்கு அனுப்புவார்கள், உங்களுக்குப் பார்வை ஏறும். இந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது.

நெற்றியில் "இது பகடி" என்று சிவப்பில் எழுதி ஒட்டுங்கள் என்று கேட்கவில்லை. அப்படி ஒட்டிய நகைச்சுவையைப் பார்ப்பதைவிடச் செய்தி பார்க்கலாம். நான் கேட்பது பெயரை மட்டும். பிலோமினா கங்க், நடிப்பு டயான் மோர்கன், இன்ன நிகழ்ச்சி. கீழே சின்ன எழுத்தில் போதும். தேட நினைப்பவர் தேடிக்கொள்வார். "லட்சணம் பாருங்க", "உண்மைச் சம்பவம்" என்கிற தலைப்புகளை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த வரிகளை எழுதியவர் கங்க் இல்லை, நீங்கள். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், உங்கள் பக்கத்து முத்திரையை மூன்று இடத்தில் குத்த இடம் இருந்தது.

மூன்றாம் நாள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல், அந்தத் தொடரின் முதல் பகுதியை அவருடைய டிவியில் போட்டுவிட்டேன். முதல் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டு வந்ததும் பெரியம்மா முதலில் சிரித்தார், பிறகு அவரும். முடிந்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு நடிகை. சரி. எதிர்ல உட்கார்ந்திருந்தாங்களே ப்ரொபசருங்க, அவங்க?"

"அவங்க எல்லாம் நிஜம், பெரியப்பா."

"அந்தக் கேள்வியைக் கேட்டும் சிரிக்காம உட்கார்ந்திருந்தாங்களே" என்றார். "அப்போ அவங்கதான்டா நடிகருங்க."

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குழுவில் திருக்குறள் வந்தது.

இப்படிக்கு,
பெரியப்பாவுக்காக ஒரு தம்பி மகன்